வீட்டுப் பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் அமைப்பு: 1 எச்.பி. புளோயர் போதுமா?

கணபதி_ஷெட் (கோவை)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 12 அடியில் ஒரு ஷெட், கூரை 10 அடி உயரம். உள்ளே 10 இன்ச் டேபிள் சா (மேஜை வட்ட ரம்பம்), ஒரு பிளானர் (மரம் இழைக்கும் மெஷின்), சின்ன பேண்ட் சா (பட்டை ரம்பம்), கையில் பிடிக்கிற ஆர்பிட்டல் சேண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்). சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் வேலை, ஆர்டர் எதுவும் எடுப்பதில்லை. தேக்கு, வேம்பு, அப்புறம் நிறைய எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினால் ஒட்டி அழுத்திய பலகை).

இப்போதைக்கு ஒரு வாக்குவம் கிளீனரை வைத்து ஓட்டுகிறேன். பிளானரை ஓட விட்டால் கொஞ்ச நேரத்திலேயே அதன் டிரம் நிறைந்துவிடுகிறது. நான் உடை மாற்றாமல் உள்ளே போனால் பையனுக்கு இருமல் வருகிறது, வீட்டில் சத்தம். 1 எச்.பி. மோட்டார் வைத்த புளோயர் (தூளை உறிஞ்சித் தள்ளும் விசிறி), ஒரு துணிப் பை, 4 இன்ச் நெளி ஹோஸ் சேர்த்து ஒரு செட் கிடைக்கிறது. அதை மூலையில் வைத்து எல்லா மெஷினுக்கும் குழாய் இழுத்துவிடலாம் என்று எண்ணம். போதுமா? பி.வி.சி. குழாய் போட்டால் ஸ்டாட்டிக் கரண்ட் உண்டாகி வெடிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது நிஜமா?

ஆசாரிமகன் (காரைக்குடி)

தம்பி, தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் தாத்தாவும் அப்பாவும் இதே தூளுக்குள் உட்கார்ந்துதான் எழுபது தாண்டியும் வேலை பார்த்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டு, வாசலைத் திறந்து வை. அந்தக் காசுக்கு நல்ல உளி செட் ஒன்று வாங்கலாம்.

தொழில்நலம் (மதுரை)

அண்ணே, உங்கள் தாத்தா கையில் இருந்தது இழைப்புளியும் உளியும் கை ரம்பமும். இழைப்புளியில் வருவது சுருள். அது காலடியில் விழுந்து கிடக்கும், நுரையீரலுக்குள் போகாது. சேண்டரும், எம்.டி.எஃப். அறுக்கிற வட்ட ரம்பமும் கிளப்புவது வேறு சரக்கு.

தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தொந்தரவு தருவது 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்கள். அவை கண்ணுக்கே தெரியாது. காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் துகள் தலை உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளும் போதாது. சேண்டரை அணைத்து, மாஸ்கைக் கழற்றி, டீயைக் கையில் வைத்துக்கொண்டு செய்த வேலையைப் பார்த்து ரசிக்கிறோமே, அந்த நேரத்தில்தான் நிறைய உள்ளே போகிறது.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு. எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் உட்குழிவில் வரும் ஓர் அபூர்வமான புற்றுநோய் அங்கே மர வேலை செய்பவர்களுக்கே திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து கணக்கெடுத்து அதை உறுதிசெய்தார்கள். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது. எம்.டி.எஃப். பிசினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் இன்று அதே பிரிவில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஷெட்டைப் பூட்ட வேண்டாம். அந்த நோய் பல வருடம் நாள் முழுக்கத் தூளில் இருந்தவர்களுக்கு வந்தது, அவர்களிலும் சிலருக்குத்தான். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு நிஜத்தில் வருவது ஆஸ்துமா, ஓயாத தும்மல், தோல் அரிப்பு. தேக்கும் ஈட்டியும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. வாகை அறுத்தால் தும்மல் நிற்காது என்பது ஆசாரியண்ணனுக்கே தெரிந்திருக்கும்.

எவ்வளவு தூசி அதிகம்? அமெரிக்காவின் நியாஷ் என்ற பணியிட நல ஆய்வு அமைப்பு பரிந்துரைப்பது ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம். பிரிட்டனில் கடின மரத்தூளுக்கு 2020 முதல் 3 மில்லிகிராம். உங்கள் ஷெட் கிட்டத்தட்ட 68 கன மீட்டர் வரும். அதில் 68 மில்லிகிராம் மிதந்தாலே நியாஷ் வரம்பு வந்துவிடும். ஒரு சிட்டிகை உப்பு அதைவிட அதிகம். துண்டு கட்டினால் சிராய் நிற்கும், இந்தத் தூள் நிற்காது.

புளோயர்_பாலு (கோவை)

கணபதி சார், இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாக்குவமும் புளோயரும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. வாக்குவம் இழுக்கும் அழுத்தம் 2000 மி.மீ. நீர்த்தூண் (வாட்டர் காலம்) அளவுக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் காற்று 100, 150 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) தான். புளோயரின் அழுத்தம் 200 முதல் 300 மி.மீ., காற்றோ பல நூறு சி.எஃப்.எம். சேண்டரின் சின்னத் துவாரத்தில் புளோயரை மாட்டினால் ஒன்றும் இழுக்காது. பிளானரில் வாக்குவத்தை மாட்டினால் நீங்கள் பார்த்த கதைதான். உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

இப்போது குழாய். மரத்தூளும் சுருளும் குழாயில் படியாமல் ஓட, காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 110 மி.மீ. குழாய், அதாவது நம் கடைக்காரர் சொல்லும் 4 இன்ச், ஏறக்குறைய 350 சி.எஃப்.எம். கொண்டுபோகும். 160 மி.மீ. குழாய் 780-க்குப் பக்கத்தில். 4 இன்ச்சில் அதற்கு மேல் தள்ளப் பார்த்தால் உராய்வு ஏறிக்கொண்டே போகும். புளோயரின் 250 மி.மீ. அதற்கே செலவாகிவிடும். சுருளை இழுக்க 350 ஓரளவு போதும். ரம்பத்தைச் சுற்றிப் பறக்கிற நுண்தூளைப் பிடிக்கப் போதாது.

அதற்காக 1 எச்.பி.க்கு 160 குழாயைப் போட்டுவிடாதீர்கள். வேகம் விழுந்து குழாயிலேயே தூள் தங்கிவிடும். குழாய் பெரிதானால் மோட்டாரும் பெரிதாக வேண்டும். உங்கள் ஷெட்டுக்கு 2 எச்.பி., முடிந்தால் 3. பெட்டியில் அச்சடித்திருக்கும் சி.எஃப்.எம். குழாயே இல்லாமல் திறந்த வாயில் அளந்தது. குழாய், வளைவு, பை எல்லாம் சேர்ந்தபின் அதில் பாதி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

நெளி ஹோஸ் மெஷின் பக்கத்தில் ஒரு முழம் போதும். அதன் உராய்வு வழவழப்பான குழாயைப்போல மூன்று மடங்குகூட வரும். பிரியும் இடத்தில் டீ வேண்டாம், ஒய் போடுங்கள், காற்று போகும் திசைக்குச் சாய்ந்து இருக்கும்படி. 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45, நடுவில் ஒரு சாண் நேர்க்குழாய். எஸ்.டபிள்யூ.ஆர். குழாயில் (கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடுகிற பி.வி.சி. குழாய்) டோர் வைத்த பெண்ட் கிடைக்கும். எப்படியும் ஒருநாள் ஒரு துண்டு மரம் போய் அடைக்கும், அன்றைக்கு அந்த டோர் உதவும். ஒவ்வொரு மெஷினுக்கும் தள்ளு கேட் (குழாயை மூடித் திறக்கும் தகடு). ஒரு நேரத்தில் ஒரு கேட் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

கணபதி_ஷெட் (கோவை)

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம்: எல்லா கேட்டும் மூடியிருக்கும்போது புளோயர் ஓடினால் மோட்டார் திணறி எரிந்துவிடாதா?

புளோயர்_பாலு (கோவை)

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மையவிலக்கு விசிறிக்குக் காற்றைத் தள்ளுவதுதான் சுமை. வாயை அடைத்தால் தள்ளக் காற்று இல்லை, ஆம்பியர் இறங்கும். குழாயே மாட்டாமல் வாயைத் திறந்துவிட்டு ஓட்டினால்தான் ஆம்பியர் ஏறி மோட்டார் சூடாகும். புதிதாக வாங்கி வந்து வெறுமனே ஓட்டிப் பார்த்தே மோட்டாரை எரித்தவர்களை எனக்குத் தெரியும். பின்பக்கம் தனி விசிறி வைத்த, மூடிய வகை மோட்டார் என்றால் குளிர்ச்சிக்கும் குறை வராது.

வாக்குவம் கணக்கு வேறு. இழுக்கிற காற்றே தன் மோட்டாரைக் குளிர்விக்கிற வகை நிறைய உண்டு. அதை அடைத்து ஓட்டினால் புகையும்.

டொராண்டோ_தச்சன்

நான் கனடாவில் இருக்கிறேன். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வெடிப்பு பற்றிக் கேட்டதால் வருகிறேன்.

மரத்தூள் வெடிக்க ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 40 கிராம் நுண்தூள் மிதக்க வேண்டும். பாலு சொன்ன 780 சி.எஃப்.எம். என்றால் மணிக்கு 1300 கன மீட்டர் காற்று. அந்தக் குழாய்க்குள் 40 கிராம் அளவு எட்ட மணிக்கு 50 கிலோவுக்கு மேல் மாவு மாதிரித் தூளை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் சேண்டர் ஒரு மாதத்தில் தராது. வீட்டு அளவுப் பட்டறையில் பி.வி.சி. குழாயால் வெடிப்பு என்பது நிஜக் கவலை இல்லை. ஆனால் வறண்ட நாளில் குழாயைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும்; ரம்பத்துக்குப் பக்கத்தில் கை வெடுக்கென்று இழுத்தால் அதுதான் ஆபத்து. குழாய் மேல் ஒரு வெற்றுச் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கட்டிவிடுங்கள். தொழிற்சாலை என்றால் கதை வேறு, அங்கே உலோகக் குழாய்தான்.

தூசி வெடிப்பே கட்டுக்கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-ல் இரண்டு மர ஆலைகள் அடுத்தடுத்து வெடித்தன. ஜனவரி 20-ல் பர்ன்ஸ் லேக் ஊரில் பாபின் ஆலை, ஏப்ரல் 23-ல் பிரின்ஸ் ஜார்ஜில் லேக்லாண்ட் ஆலை. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயம். வண்டு தாக்கிக் காய்ந்துபோன பைன் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள், அதன் தூள் மிகவும் உலர்ந்தது. இங்கிலாந்தில் பாஸ்லி மில்லில் 2015 ஜூலை 17-ல் நான்கு பேர். இந்த மாதிரி இடங்களில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் முதல் வெடிப்பு இல்லை. முதலில் ஓர் இடத்தில் சின்னதாக வெடிக்கும். அந்த அதிர்வில் உத்தரத்திலும் கேபிள் தட்டிலும் வருடக்கணக்காகப் படிந்திருந்த தூள் உதிர்ந்து மேகமாகி, அடுத்து அது வெடிக்கும். ஆகவே குழாயைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் உங்கள் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் ஆங்கிளின் மேல் விரலை வைத்துப் பாருங்கள்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் எல்லாம் எங்கள் குளிருக்காக எடுத்தவை. மைனஸ் 15-ல் சூடாக்கிய காற்றை நிமிடத்துக்கு 800 கன அடி வெளியே தள்ளினால் ஹீட்டர் பில் தாங்காது. அப்படித் தள்ளினால் எரிவாயு ஃபர்னஸின் புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் நாங்கள் விலை உயர்ந்த ஃபில்டர் போட்டு அதே காற்றை உள்ளே சுற்ற விடுகிறோம். உங்களுக்கு எதற்கு அந்த வம்பு? உங்கள் ஷெட் 2400 கன அடி. 800 சி.எஃப்.எம். வெளியே போனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஷெட்டின் காற்று முழுக்க மாறும். புளோயரையும் பையையும் சுவருக்கு வெளியே வையுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பைக்குப் பதில் மாட்டுகிற எந்தக் கேனிஸ்டர் (உருளை) ஃபில்டரும் இதற்கு ஈடாகாது. பக்கத்தில் கேஸ் கீசர் மட்டும் இருக்கக் கூடாது.

ஆசாரிமகன் (காரைக்குடி)

வெளியே வைக்கிற யோசனை நல்ல யோசனை. அது எனக்கே ஒத்துப்போகிறது.

நீங்கள் எல்லாரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இடிக்கிற செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்குத் தூண், கதவு, உத்தரம் இவற்றைத்தான் நிறைய பேர் வாங்கிப்போய் அறுக்கிறார்கள். உள்ளே பழைய ஆணி முறிந்து கிடக்கும், வெளியே ஓட்டைகூடத் தெரியாது. ரம்பம் அதில் பட்டால் பொறி பறக்கும். துடைப்பத்தால் கூட்டுகிற பட்டறையில் அந்தப் பொறி தரையில் விழுந்து அணையும். நீங்கள் சொல்கிற அமைப்பில் நேராகத் தூள் பைக்குள் போய் உட்காரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, கனன்றுகொண்டே கிடந்து நடுராத்திரியில் பிடிக்கும். இது எங்கள் தெருவிலேயே நடந்தது. பழைய மரம் அறுக்கிறவன் முதலில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கட்டும். அறுத்த அன்று பையைக் காலி செய்து தூளை வெளியே மூடி போட்ட தகர டிரம்மில் கொட்டட்டும்.

கத்தி தீட்டுகிற கிரைண்டரையும் அதே குழாயில் சேர்க்காதே. எண்ணெய் துடைத்த துணியை அந்த டிரம்மில் போடாதே. லின்சீட் ஆயில் துணி தானாகவே சூடேறிப் பற்றும்.

தொழில்நலம் (மதுரை)

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். பழைய கதவுக்கு இன்னொன்றையும் சேர்க்கிறேன்: பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்புக் கதவுகளைச் சேண்டரால் தேய்க்க வேண்டாம். குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், அல்லது பெயின்ட் ரிமூவர் போட்டு எடுங்கள்.

கணபதி_ஷெட் (கோவை)

வெளியே வைப்பது என்றால் ஒரு சிக்கல். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் துணி காயப்போடுவது அங்கேதான், வடகம் காய்வதும் அங்கேதான். தேக்குத் தூளை வடகத்தின் மேல் தெளித்தால் என்னை ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள். மழையும் உண்டு.

புளோயர்_பாலு (கோவை)

வெறும் குழாயை நீட்டி ஊதிவிடச் சொல்லவில்லை. முதலில் ஒரு சைக்ளோன் (காற்றைச் சுழல விட்டுத் தூளைப் பிரிக்கும் கூம்பு), சுருளும் பெரும்பாலான தூளும் அதன் கீழ் டிரம்மில் விழுந்துவிடும். அதற்கு அடுத்து புளோயர். அதற்கு அடுத்து பை. மூன்றையும் கிழக்குச் சுவரை ஒட்டி, சின்னத் தகர அறை மாதிரி அடைத்து, கீழே காற்றுப் போக லூவர் வையுங்கள். பை நனையக் கூடாது. நனைந்தால் பூஞ்சை பிடித்து அடைத்துக்கொள்ளும். பையைத் தாண்டி வருகிற கொஞ்சநஞ்ச நுண்தூள் உங்கள் மூக்குக்குப் பதில் திறந்த வெளிக்குப் போகும். வடகத்தில் படிய எதுவும் மிச்சமிருக்காது. சைக்ளோன் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும், அதற்காகவும்தான் 2 எச்.பி. கேட்டேன். டிரம்மின் மூடியில் காற்று கசிந்தால் சைக்ளோன் வேலையே செய்யாது, நல்ல ரப்பர் கேஸ்கெட் போடுங்கள்.

உள்ளே வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு: சாதாரண 30 மைக்ரான் துணிப் பை வேண்டாம். அது பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு, உங்களைக் கொல்லுகிற தூளை மட்டும் அறை முழுக்க ஊதும். வாங்குவதே தண்டம்.

கரண்ட் விஷயம். 2 எச்.பி. சிங்கிள் பேஸில் 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும். டேபிள் சாவும் அதே அளவு. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் கார்டில் ஓடினால் பிளாஸ்டிக் வாசனை வரும். புளோயருக்குத் தனி லைன், ஓவர்லோட் ரிலே உள்ள ஸ்டார்ட்டர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த். சர்வீஸ் லோடு எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள். இம்பெல்லர் (புளோயரின் விசிறிச் சக்கரம்) சுற்றும்போது வாய்க்குப் பக்கத்தில் துண்டு, லுங்கி முனை எதுவும் போகக் கூடாது. உள் வாயில் ஒரு கம்பி வலை போட்டால் அடைக்கும், ஆகவே குழாயைக் கழற்ற ஸ்க்ரூ வேண்டும் என்கிறபடி மாட்டுங்கள்.

டொராண்டோ_தச்சன்

எல்லாம் சரியாகப் போட்டும் பலர் மெஷின் பக்கத்தில் கோட்டைவிடுகிறார்கள். டேபிள் சாவின் அடிப்பெட்டி திறந்து கிடந்தால் காற்று அந்த வழியாக வந்துவிடும், பிளேடு பக்கமிருந்து வராது. அடியை அடையுங்கள். மேலே பிளேடு கார்டிலும் ஒரு குழாய் வேண்டும், ஏனென்றால் முகத்துக்கு வருவது மேல்பக்கத் தூள். பேண்ட் சாவில் மேஜைக்கு நேர் கீழே, பிளேடு மரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் பிடிக்க வேண்டும். கீழ்ச்சக்கரத்தின் அடியில் வைத்திருக்கும் வாய் மட்டும் போதாது. பிளானர்தான் சுலபம், சுருள் தானே வந்து விழும்.

சீலிங் ஃபேனை வேலை நேரத்தில் அணைத்துவிடுங்கள். கோவையிலும் புழுங்கும் என்று தெரியும், இருந்தாலும்.

தொழில்நலம் (மதுரை)

சேண்டர் வேலைக்கு மாஸ்கும் கண்டிப்பாக வேண்டும், அமைப்பு எவ்வளவு நல்லதானாலும். ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 போதும். தாடி இருந்தால் விளிம்பு பொருந்தாது. வேலை முடிந்து கம்ப்ரசரால் சட்டையை ஊதுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பிடித்ததெல்லாம் திரும்பக் காற்றில் ஏறும். ஈரத்துணி அல்லது நல்ல ஃபில்டர் போட்ட வாக்குவம். பையனின் இருமலுக்கு முதல் மருந்து, பட்டறைச் சட்டையை ஷெட்டிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குள் போவது. குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

லேசர் சென்சார் வைத்த பி.எம். 2.5 மீட்டர் (காற்றில் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகளை அளக்கும் கருவி) ஒன்று வாங்கி மூச்சு உயரத்தில் மாட்டுங்கள். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், மரத்தூளுக்காக அளவு சரிசெய்தது இல்லை. வேலைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, பழைய நிலைக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று மட்டும் பாருங்கள்.

கணபதி_ஷெட் (கோவை)

சரி, முடிவு பண்ணிவிட்டேன். 1 எச்.பி. செட் வேண்டாம். கிழக்குச் சுவருக்கு வெளியே 2 எச்.பி., சைக்ளோன், பை. உள்ளே 160 மெயின், டேபிள் சாவுக்கு அதே 160 இறங்கி மேலுக்கும் கீழுக்கும் பிரிகிற மாதிரி. சேண்டருக்குப் பழைய வாக்குவம், முன்னால் ஒரு சின்ன சைக்ளோன் பக்கெட். டிரம்மில் சேர்கிற தூளை என்ன செய்வது? பக்கத்தில் மாட்டுத் தொழுவம் வைத்திருப்பவர் கேட்கிறார்.

ஆசாரிமகன் (காரைக்குடி)

எம்.டி.எஃப்., பிளைவுட் கலந்ததைக் கொடுக்காதே. அதில் பசை. அடுப்பிலும் போடாதே. பிளானர் சுருளை மட்டும் தனியாக எடு, வெறும் மரம் ஓட்டுகிற அன்று டிரம்மைக் காலி பண்ணிவிட்டு ஆரம்பி. அதைக் கேட்கிறவருக்குக் கொடு. ஆணிப்பொடி இருக்கிற பழைய மரத்துத் தூளையும் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

பாலு, எனக்கும் ஒரு 3 எச்.பி. கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள். திரீ பேஸ் இருக்கிறது.

புளோயர்_பாலு (கோவை)

தனிச்செய்தியில் ஷெட் அளவும் மெஷின் பட்டியலும் அனுப்புங்கள் அண்ணே. கணபதி சார், மாட்டி முடித்ததும் டேபிள் சா கேட் மட்டும் திறந்து, கிளாம்ப் மீட்டரில் புளோயரின் ஆம்பியரை அளந்து இங்கே போடுங்கள். மோட்டார் தகட்டில் உள்ள எண்ணைத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.